புதுசா, நிலையானதா? விண்டோஸ் 10 முடிந்த பிறகு பழவேற்காடு வீடுகளில் இருக்கும் பழைய லேப்டாப்புக்கு எந்த ஓ.எஸ். சரி?

'உங்கள் கணினிக்கான ஆதரவு முடிந்துவிட்டது.' கடந்த சில மாதங்களாக பொன்னேரி பஜாரில் உள்ள ஜெராக்ஸ் கடை முதல் பழவேற்காடு குப்பங்களில் உள்ள வீடுகள் வரை, பழைய லேப்டாப் வைத்திருக்கும் பலரும் பார்த்திருக்கக்கூடிய அறிவிப்பு இது. சிலர் மூடிவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். சிலர் பயந்துபோய் தெரிந்த பையனைக் கூப்பிட்டு, "தம்பி, புது வெர்ஷன் போட்டுக் குடுப்பா" என்கிறார்கள். இன்னும் சிலர், "நல்லாத்தானே ஓடுது, எதுக்குத் தொடணும்?" என்று அப்டேட்டையே நிறுத்தி வைத்துவிடுகிறார்கள்.

இந்த மூன்றில் எது சரி? இருப்பதிலேயே புதிய வெர்ஷனுக்குப் போவதா? பலரும் பயன்படுத்திப் பார்த்து நிலைத்துவிட்ட வெர்ஷனில் இருப்பதா? கேள்வி தொழில்நுட்பம் சார்ந்ததாகத் தெரியலாம். ஆனால், ஒரே ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு பிள்ளையின் கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை, மீனவர் நலத்திட்ட மனு என எல்லாவற்றையும் பார்க்கும் குடும்பத்துக்கு இது பணமும் நேரமும் சார்ந்த கேள்வி. விண்ணப்பத்தின் கடைசி நாளில் லேப்டாப் திறக்காவிட்டால், அடுத்த வாய்ப்பு அடுத்த வருடம்தான்.

முதலில், என்ன முடிந்தது?

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதற்காக லேப்டாப் அன்றைக்கே நின்றுவிடவில்லை. வழக்கம்போல ஓடும். ஆனால், இனி புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க தானாக எந்தத் திருத்தமும் வராது.

சரி, விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாமே? அங்கேதான் சிக்கல். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், பெரும்பாலும் 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் பிராசசர் தேவை. அந்த 8-ம் தலைமுறை பிராசசர்கள் 2017-ல்தான் வந்தன.

தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பர் 15-ல். தொடக்க விழா நடந்ததும் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில்தான். அந்தத் திட்டத்தின் முதல் சில ஆண்டுகளில் மாணவர்கள் வாங்கிய எந்த லேப்டாப்பும் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. அக்கா படித்து முடித்து, தம்பிக்குக் கொடுத்து, இப்போது வீட்டுக்கே பொதுவாகிவிட்ட லேப்டாப்கள் அவை.

'ஸ்டேபிள்' என்றால் என்ன? 'லேட்டஸ்ட்' என்றால் என்ன?

எந்த ஓ.எஸ். ஆனாலும் அது பயனாளர் கைக்கு வரும் வழி ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் எழுதுகிறார்கள். பிறகு சிலர் மட்டும் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். கோளாறுகளைச் சரிசெய்கிறார்கள். கடைசியில் எல்லோருக்கும் தருகிறார்கள். இதில் எந்தக் கட்டத்தில் நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதுதான் 'நிலையான வெர்ஷன்', 'முன்னணி வெர்ஷன்' என்ற வித்தியாசம்.

இதை மிகவும் வெளிப்படையாகச் செய்வது டெபியன் என்ற லினக்ஸ் குடும்பம். அங்கே மூன்று படிகள். புதிய மென்பொருள் முதலில் 'அன்ஸ்டேபிள்' என்ற படிக்கு வரும். அங்கே சில நாட்கள் பெரிய கோளாறு எதுவும் தெரியாவிட்டால் 'டெஸ்டிங்' படிக்குப் போகும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, 'இனி புதுசா எதையும் சேர்க்காதே' என்று டெஸ்டிங்கை உறையவைத்து, மாதக்கணக்கில் பிழை திருத்தி, அதை 'ஸ்டேபிள்' என்று வெளியிடுவார்கள். கடைசியாக அப்படி வந்தது டெபியன் 13. வெளியான நாள் 2025 ஆகஸ்ட் 9.

உபுண்டுவில் இரண்டு பாதைகள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் நீண்டகால ஆதரவு வெர்ஷனுக்கு 5 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். இடையில் 6 மாதத்துக்கு ஒருமுறை வரும் வெர்ஷனுக்கு 9 மாதம் மட்டுமே. ஃபெடோரா 6 மாதத்துக்கு ஒரு வெர்ஷன் வெளியிடும். ஒவ்வொன்றுக்கும் ஆதரவு சுமார் 13 மாதம். ஆர்ச் லினக்ஸில் வெர்ஷன் எண் என்பதே கிடையாது. புதியது வரவர உள்ளே வந்துகொண்டே இருக்கும்.

விண்டோஸும் இதற்கு விலக்கல்ல. 'இன்சைடர்' திட்டத்தில் சேர்பவர்களுக்கு இன்னும் முடிக்கப்படாத வெர்ஷன்களை மைக்ரோசாஃப்ட் முன்கூட்டியே தருகிறது. ஆண்ட்ராய்டில் 'பீட்டா' என்று வருவதும் இதே வகைதான்.

ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு பாடம்

பழவேற்காடு மக்களுக்கு இதை விளக்க வேறு உதாரணம் தேட வேண்டாம். ஏரியையும் வங்கக் கடலையும் பிரிக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவில் இருந்துதான் இஸ்ரோ ராக்கெட் ஏவுகிறது. ஏவுதல் நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று குப்பங்களுக்கு அறிவிப்பு வரும். அன்றைக்குத் தொழில் போச்சு. அதனால் எந்த ராக்கெட் எப்போது போகிறது என்பது இங்கே வெறும் செய்தி மட்டும் அல்ல.

அங்கிருந்து புதிதாக உருவான எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் பயணம் 2022 ஆகஸ்ட் 7-ல் தோல்வியில் முடிந்தது. 2023 பிப்ரவரி 10-ல் இரண்டாவது பயணம் வெற்றி. புதியது முதல் முறை சறுக்குவது ஆச்சரியமில்லை.

ஆனால், இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'நம்பகமான குதிரை' என்று பெயர் எடுத்த பி.எஸ்.எல்.வி., 2025 மே 18-ல் தன் 63-வது பயணத்தில் மூன்றாம் கட்டத்தில் ஏற்பட்ட கோளாறால் தோற்றது. பல முறை சோதித்ததும் ஒருநாள் தவறலாம். 'ஸ்டேபிள்' என்ற சொல், 'கெட்டே போகாது' என்ற உத்தரவாதம் அல்ல. 'இதில் என்னென்ன கோளாறு வரும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிட்டது, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது' என்பது மட்டுமே அதன் பொருள்.

ஸ்டேபிள் என்றால் பழசு என்று அர்த்தமா?

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். நிலையான வெர்ஷனில் இருப்பதும், அப்டேட்டே செய்யாமல் இருப்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது.

ஒரு வலை கிழிந்தால் என்ன செய்கிறார்கள்? உடனே புது வலை வாங்குவதில்லை. கிழிந்த இடத்தை மட்டும் பின்னிச் சரிசெய்கிறார்கள். நிலையான வெர்ஷனில் நடப்பதும் இதுதான். மென்பொருளின் வெர்ஷன் எண் பழையதாகவே இருக்கும். ஆனால், ஓட்டை தெரிந்தவுடன் அந்த இடத்துக்கு மட்டும் திருத்தம் தைத்து அனுப்புவார்கள். வெளியில் பார்த்தால் பழசு. உள்ளே ஓட்டை இல்லை.

அப்டேட்டை நிறுத்தி வைத்த லேப்டாப் அப்படி இல்லை. அது கிழிந்த வலை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டை பெரிதாகும்.

எனவே 'அப்டேட் கொடுக்கலாமா?' என்று கேட்டால், முதலில் எந்த அப்டேட் என்று பார்க்க வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் என்பது ஒன்று. அது சிறியது, மாதாமாதம் வருவது. வெர்ஷன் மாற்றம் என்பது இன்னொன்று. அது பெரியது, மெனு முதல் டிரைவர் வரை எல்லாம் மாறும். முதலாவதைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டாவதற்கு அவசரப்படக் கூடாது.

அப்டேட் போடாமல் விட்டால் என்ன ஆகும்? 2017 சொன்ன பதில்

2017 மே 12-ல் 'வான்னாகிரை' என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவைத்து, பணம் கேட்டது. பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் உள்ள ஆந்திராவில் காவல்துறை கணினிகளும் சிக்கின.

அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, 2017 மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள். திருத்தம் இருந்தது. போட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் காரணம். ஆதரவு முடிந்து 3 ஆண்டுகள் ஆகியிருந்த விண்டோஸ் எக்ஸ்பி-க்குக்கூட மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு திருத்தம் தர வேண்டியதாயிற்று. ஒவ்வொரு முறையும் அப்படித் தருவார்கள் என்று நம்பி இருக்க முடியாது.

அவசரப்பட்டால் என்ன ஆகும்? 2018-ம் 2024-ம் சொன்ன பதில்

மறுபக்கமும் பார்க்க வேண்டும். 2018 அக்டோபர் 2-ல் விண்டோஸ் 10-க்கு ஒரு பெரிய வெர்ஷன் அப்டேட் வந்தது. முதல் ஆளாகப் போட்டுக்கொண்ட சிலருக்கு ஆவணங்கள், புகைப்படங்கள் இருந்த ஃபோல்டர்கள் அழிந்துபோயின. சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்தது. கோளாறைச் சரிசெய்து மறுபடியும் வெளியிட்டது நவம்பர் 13-ல்தான். இடையில் இருந்த அந்த ஆறு வாரம் பொறுத்திருந்தவர்களுக்கு எந்த இழப்பும் இல்லை.

2024 ஜூலை 19-ம் தேதியும் நினைவிருக்கலாம். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் போய், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது ஓ.எஸ். வெர்ஷன் தொடர்பான பிரச்னை அல்ல. ஆனாலும், எல்லோருக்கும் ஒரே நிமிடத்தில் ஒன்றை அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் இல்லை. கொஞ்சம் பேருக்குக் கொடுத்துப் பார், பிறகு எல்லோருக்கும் கொடு என்பது ஏன் முக்கியம் என்று அன்றைக்குப் புரிந்தது.

அரை விநாடியில் பிடிபட்ட திருட்டு

லினக்ஸ் உலகில் இந்த விவாதத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் 2024 மார்ச் 29-ல் வந்தது. கோப்புகளைச் சுருக்க உதவும் 'எக்ஸ்.இசட்' என்ற சின்ன மென்பொருளின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களுக்குள் ஒரு ரகசியக் கதவு வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர், அல்லது ஒரு குழு, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நல்ல பிள்ளையாக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்து, பிறகு அந்தக் கதவை வைத்திருந்தது.

எந்தெந்த வெர்ஷன்களில் அது நுழைந்தது? டெபியனின் அன்ஸ்டேபிள், டெஸ்டிங் படிகள், ஃபெடோராவின் சோதனை வெர்ஷன்கள், ஓப்பன்சூசே டம்பிள்வீட் போன்ற முன்னணி வெர்ஷன்களில். டெபியன் ஸ்டேபிளுக்கு அது போய்ச் சேரவில்லை. நிலையான வெர்ஷனில் இருந்தவர்கள் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

ஆனால், அதைக் கண்டுபிடித்தது யார்? ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர். அவர் டெபியனின் அன்ஸ்டேபிள் வெர்ஷனில் வேலை செய்துகொண்டிருந்தார். தொலைவில் இருந்து கணினிக்குள் லாகின் செய்ய வழக்கத்தைவிட அரை விநாடி அதிகம் ஆவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டிப் பார்த்ததில் திருட்டு பிடிபட்டது.

ஆக, புதியதை முதலில் எடுத்துப் பயன்படுத்தும் ஆட்கள் இல்லாவிட்டால், நிலையான வெர்ஷன் என்று ஒன்றே இருக்க முடியாது. 'லேட்டஸ்ட்' போடுகிறவர்கள் எல்லாம் விவரம் இல்லாதவர்கள் என்று நினைப்பது தவறு. கேள்வி, அந்த வேலையை எந்தக் கணினியில் செய்வது என்பதுதான். வீட்டில் இருக்கும் ஒரே லேப்டாப்பிலா, சோதனைக்கென்று ஒதுக்கிய இன்னொன்றிலா?

தமிழகம் ஏற்கெனவே எழுதிய பரீட்சை

விண்டோஸ் ஆதரவு முடிந்து தமிழகம் கையைப் பிசைவது இது முதல் முறை அல்ல. 2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்பி-க்கு ஆதரவு முடிந்தபோது, அரசு அலுவலகக் கணினிகளில் 'பாஸ்' லினக்ஸை நிறுவிக்கொள்ளுமாறு தமிழக அரசு துறைகளுக்கு அறிவுறுத்தியது.

இந்த 'பாஸ்' வெளிநாட்டுச் சரக்கு அல்ல. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. முதல் வெர்ஷன் வந்தது 2007-ல். அடித்தளம் டெபியன். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் வேலை செய்யும். அதே 2007-ஐ ஒட்டிய காலத்தில், தமிழக அரசின் எல்காட் நிறுவனம் அதன் அப்போதைய நிர்வாக இயக்குநர் உமாசங்கர் முயற்சியில் சூசே லினக்ஸுக்கு மாறியது. விலையில்லா லேப்டாப்களிலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே வந்தது. லேப்டாப்பைத் திறந்ததும் 'எது வேணும்?' என்று இரண்டு பெயர் காட்டியது பலருக்கும் நினைவிருக்கும்.

அப்படி இருந்தும் பெரும்பாலானோர் விண்டோஸையே தொட்டார்கள். ஜெராக்ஸ் கடை அண்ணனுக்குத் தெரிந்தது விண்டோஸ். பள்ளிப் பாடத்துக்கு வெளியே சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி ஆகியவற்றுக்கான மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸை நினைத்தே எழுதப்பட்டது.

பக்கத்து மாநிலமான கேரளா வேறு பாதையில் போனது. அங்கே 'கைட்' என்ற அரசு நிறுவனம் உபுண்டுவின் நீண்டகால ஆதரவு வெர்ஷனை எடுத்து, பாடத்திட்டத்துக்குத் தேவையான மென்பொருளைச் சேர்த்து, பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸைத் தயாரித்துத் தருகிறது. ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறது. இரண்டு மாநிலத்துக்கும் உள்ள வேறுபாடு ஓ.எஸ். தேர்வில் இல்லை. தேர்ந்தெடுத்த பிறகு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டதில் இருக்கிறது.

தனி வீட்டுக்கும் இதே கணக்குதான். எந்த வெர்ஷன் சிறந்தது என்று கேட்பதற்கு முன், கோளாறு வந்தால் யாரிடம் போவோம் என்று கேட்க வேண்டும். குப்பத்தில் இருந்து பொன்னேரிக்கு பஸ் ஏறிப் போய், சரிசெய்து திரும்பி வர ஒரு நாள் போய்விடும் என்றால், கோளாறு குறைவாக வரும் வெர்ஷன்தான் உங்கள் வெர்ஷன்.

அப்போ, யாருக்கு எது?

வீட்டில் ஒரே லேப்டாப், அது விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறும்: மாறிவிடுவது நல்லது. ஆனால், முதலில் சான்றிதழ், புகைப்படம் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். இன்சைடர் வெர்ஷன் பக்கம் போகவே வேண்டாம்.

தகுதி பெறாது, விண்டோஸ்தான் பழக்கம்: விண்டோஸ் 10-க்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தத் திட்டம் ஒன்று இருக்கிறது. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினி அமைப்புகளை பேக்அப் செய்ய ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை. இல்லாவிட்டால் 30 டாலர். லேப்டாப்பில் இருப்பது 22எச்2 என்ற கடைசி வெர்ஷனாக இருக்க வேண்டும். இது கிடைத்த கால அவகாசம் மட்டுமே. நிரந்தரத் தீர்வு அல்ல.

தகுதி பெறாது, மாறத் தயார்: லினக்ஸின் நிலையான வெர்ஷன்களைப் பார்க்கலாம். லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. குறைந்தது 2 ஜிபி ரேம் வேண்டும். 4 ஜிபி இருந்தால் சிரமம் இல்லை. டெபியன் 13-ம் நல்ல தேர்வு. ஆனால், மிகப் பழைய 32-பிட் கணினிகளுக்கு டெபியன் 13-ல் இன்ஸ்டாலர் கிடையாது. மாறுவதற்கு முன் பென்டிரைவில் போட்டு, உள்ளே நிறுவாமலேயே ஓட்டிப் பாருங்கள். வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, பிரிண்டர் வேலை செய்கிறதா, தமிழ் டைப் ஆகிறதா? நான்கும் சரி என்றால் மட்டுமே நிறுவுங்கள்.

ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம்: இங்கே ஒரு கணினி நின்றால் வரிசையில் நிற்கும் பத்துப் பேர் நிற்பார்கள். நிலையான வெர்ஷன் தவிர வேறு யோசனையே வேண்டாம். இரண்டு கணினி இருந்தால், பெரிய அப்டேட்டை ஒன்றில் மட்டும் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததில் போடுவது நல்லது. கைரேகைக் கருவி வேலை செய்கிறதா என்பதை முதல் நாளே சோதிக்க வேண்டும்.

புத்தம் புது லேப்டாப் வாங்கியவர்: இவருக்குப் பிரச்னை தலைகீழ். புது வைஃபை சிப், புது கிராபிக்ஸ் எல்லாம் பழைய லினக்ஸ் கெர்னலுக்குத் தெரியாமல் போகலாம். இதுபோன்ற இடத்தில் கொஞ்சம் புதிய வெர்ஷன் தேவைப்படும். உபுண்டுவின் நீண்டகால ஆதரவு வெர்ஷனிலேயே புதிய வன்பொருளுக்கான கெர்னலைச் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. டெபியனிலும் குறிப்பிட்ட மென்பொருளை மட்டும் புதியதாக எடுத்துக்கொள்ள 'பேக்போர்ட்ஸ்' உண்டு. வீடு பழையது, கதவு மட்டும் புதுசு என்பது போல.

மாணவர்கள்: பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் ஏரியின் வரைபடம் வைத்து ஆய்வு செய்யும் மாணவரை எடுத்துக்கொள்வோம். 'கியூஜிஐஎஸ்' என்ற வரைபட மென்பொருளே இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று புதிய வசதிகளோடு. இன்னொன்று நீண்டகால ஆதரவோடு. சமர்ப்பிக்க வேண்டிய ஆய்வுக்கு நீண்டகால வெர்ஷன். கற்றுக்கொள்ள, விளையாடிப் பார்க்க புதிய வெர்ஷன். கணினி படிக்கும் மாணவர் ஃபெடோராவோ ஆர்ச்சோ போட்டுப் பார்க்க ஆசைப்பட்டால், தாராளமாகச் செய்யலாம். ஒரு பழைய லேப்டாப்பிலோ, இருக்கும் ஓ.எஸ்-க்குள்ளேயே ஓடும் மெய்நிகர் கணினியிலோ செய்யட்டும். உடைந்தால்தான் கற்றுக்கொள்ள முடியும். வீட்டுக்கான லேப்டாப் உடையாமல் இருந்தால் சரி.

கையில் இருக்கும் போனுக்கு?

இந்தப் பகுதியில் லேப்டாப்பைவிட முக்கியமான கணினி போன்தான். கடலில் மீன் கிடைக்கக்கூடிய பகுதி, அலை உயரம், காற்று பற்றிய தகவல்களை இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் தருகிறது. அதன் 'சமுத்ரா' செயலி, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவர் நண்பன் செயலி எல்லாம் ஆண்ட்ராய்டில்தான் ஓடுகின்றன. மீன் விற்ற பணமும் பெரும்பாலும் போன் வழியாகத்தான் வருகிறது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களைப் புரட்டிப்போட்டபோது, கையில் வேலை செய்யும் ஒரு போன் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தது.

அப்படிப்பட்ட போனில் பீட்டா வெர்ஷன் போடுவது ஆபத்தான ஆசை. பீட்டாவில் வங்கிச் செயலிகள் முரண்டு பிடிக்கலாம். ஜிபிஎஸ் சரியாகக் காட்டாமல் போகலாம். 'பிடிக்கலை, பழசுக்குத் திரும்புறேன்' என்றால் பெரும்பாலும் போனில் உள்ளதை எல்லாம் அழித்துத்தான் திரும்ப முடியும்.

அதற்காக பத்து வருடப் பழைய போனையே பிடித்துத் தொங்கவும் முடியாது. 2025 தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு கிட்கேட் போன்களில் வாட்ஸ்அப் நின்றுபோனது. பாதுகாப்புத் திருத்தம் வருவது நின்ற போனில் பணப் பரிமாற்றச் செயலி வைத்திருப்பது, பூட்டு உடைந்த பெட்டியில் பணம் வைப்பது போல.

போனின் அமைப்புகளில் 'பாதுகாப்பு அப்டேட்' என்ற இடத்தில் ஒரு தேதி இருக்கும். அதை இப்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்தத் தேதி ஒரு வருடத்துக்கும் மேல் பழையதாக இருந்தால், அந்த போன் நிலையான வெர்ஷனில் இல்லை. கைவிடப்பட்ட வெர்ஷனில் இருக்கிறது. அடுத்த போன் வாங்கும்போது, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கும் அதே வாயால், பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் வரும் என்றும் கேளுங்கள்.

எப்போது அப்டேட் போடுவது?

காசிமேட்டு விசைப்படகுக்காரர்களிடம் இதற்குப் பதில் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போதுதான் படகைக் கரையேற்றி, இன்ஜினைப் பிரித்துச் சரிபார்த்து, வர்ணம் பூசுகிறார்கள். நடுக்கடலில் யாரும் இன்ஜினைப் பிரிப்பதில்லை.

கணினிக்கும் போனுக்கும் அதே விதிதான். கடலுக்குப் போகும் முந்தைய இரவு, விண்ணப்பத்தின் கடைசி நாள், தேர்வு நடக்கும் வாரம், புயல் எச்சரிக்கை இருக்கும் நாட்கள்... இந்த நேரங்களில் பெரிய அப்டேட்டைத் தொடாதீர்கள். வேலை இல்லாத ஒரு நாளில், சார்ஜ் முழுதாக இருக்கும்போது, கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு, போடுங்கள். புதிய வெர்ஷன் வந்து சில வாரம் பொறுத்து, முதலில் போட்டவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போட்டால் இன்னும் நல்லது. மாதாமாதம் வரும் பாதுகாப்புத் திருத்தத்துக்கு மட்டும் இந்தப் பொறுமை வேண்டாம். அடுத்து கிடைக்கும் ஓய்வு நாளிலேயே முடித்துவிடுங்கள்.

சுருக்கமாக...

- பாதுகாப்புத் திருத்தம் வேறு, வெர்ஷன் மாற்றம் வேறு. முதலாவதைத் தள்ளாதீர்கள், இரண்டாவதற்குப் பறக்காதீர்கள்.
- ஆதரவு உள்ள பழைய வெர்ஷன் பாதுகாப்பானது. ஆதரவு முடிந்த வெர்ஷன், எவ்வளவு நன்றாக ஓடினாலும், பாதுகாப்பானது அல்ல.
- ஒரே கருவியை நம்பிக் குடும்பம் இருந்தால், நிலையான வெர்ஷன். சோதித்துப் பார்க்க இன்னொரு கருவி இருந்தால், புதியது.
- எதைப் போடுவதற்கு முன்பும் முக்கியமான கோப்புகள் இன்னொரு இடத்தில் இருக்க வேண்டும்.
- விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் காலண்டரில் குறித்துவைக்க வேண்டிய தேதி: 2026 அக்டோபர் 13.

அந்தத் தேதி பள்ளி, கல்லூரி நடக்கும் நேரத்தில் வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் அதை ஒட்டித்தான் தொடங்கும். மழை, புயல், விண்ணப்பம் எல்லாம் ஒன்றாக வரும் வாரத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பொன்னேரிக்கு ஓடுவதைவிட, மழைக்கு முன் கூரை ஓலையை மாற்றுவதுபோல, இந்த வேலையையும் முன்பே முடித்துவைப்பது நல்லது.